பிள்ளையின் கோபம்: சொல்லிக்கொடுத்த பயிற்சி எங்கே சிக்குகிறது?

கோபம் வந்தால் மூச்சை மெதுவாக விடு, பத்து வரை எண்ணு, தனியே போய் உட்கார் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காத வீடு இன்று குறைவு. சொல்லிக்கொடுத்த பின்னும் புத்தகம் பறக்கிறது, கதவு அறையப்படுகிறது, தம்பி அடி வாங்குகிறான். உடனே பெற்றோர் வரும் முடிவு இரண்டில் ஒன்றாக இருக்கிறது: ‘இந்தப் பயிற்சிகளால் ஒன்றும் ஆகாது’ அல்லது ‘இவன் அப்படியே தாத்தா குணம்’. இரண்டையும் நான் ஏற்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் கோளாறு பயிற்சியைக் கற்றுக்கொடுத்த நேரத்தில் இருக்கும், அல்லது செய்யும் விதத்தில் இருக்கும், அல்லது பிள்ளையின் வயிற்றிலும் தூக்கத்திலும் இருக்கும். பிள்ளையின் பிறவிக் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். இங்கே சொல்லப்படுபவை ஏறக்குறைய 4 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கானவை. அதைவிடச் சிறிய குழந்தைக்குத் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளத் தெரியாது. தூக்கி அணைத்துத் தட்டிக்கொடுக்கும் பெரியவர்தான் அந்த வயதுக்கு மருந்து.

‘மூச்சை இழுத்து விடு’ என்றால் இன்னும் அதிகமாகக் கத்துகிறான்

கோபம் உச்சியில் இருக்கும்போது உடம்பில் அட்ரினலின் சுரந்திருக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை தானாக முஷ்டி பிடிக்கிறது, காதில் விழும் சொற்கள் மனத்தில் ஏறுவதில்லை. நிதானமாக யோசித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அந்த நிமிடத்தில் புதிதாக ஒரு வேலையைச் சொன்னால், அது அவனுக்கு இன்னொரு அதட்டலாகத்தான் கேட்கும்.

இதற்கு இரண்டு திருத்தங்கள் உண்டு. முதலாவது, உச்சியில் பேச்சைக் குறைப்பது. ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒரே ஒரு வாக்கியத்தைத் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பக்கத்தில், அவன் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். கேள்வி வேண்டாம், அறிவுரை வேண்டாம், ‘எதற்கு இப்போது இந்த அழுகை?’ வேண்டவே வேண்டாம்.

சிறு குழந்தைகளின் அடம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அமெரிக்காவில் மைக்கேல் பொட்டிகல், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகிய இருவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். அவர்கள் கவனித்தவை ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை. நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கத்துவதும் உதைப்பதும் தொடக்கத்திலேயே உச்சம் தொட்டு இறங்கின. அழுகையும் தேம்பலும் கடைசிவரை நீடித்து, அதன் பிறகு குழந்தை ஆறுதலைத் தேடி வந்தது. வீட்டில் கவனித்தாலும் இது தெரியும். ஆங்காரக் கத்தல் உடைந்து தேம்பலாக மாறும் ஓர் இடம் வரும். கை நீட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்வது அப்போதுதான். மூச்சைப் பற்றிச் சொல்வதானாலும் அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

இரண்டாவது திருத்தம்தான் முக்கியம்: பயிற்சியைக் கற்றுக்கொடுக்க வேண்டியது கோபமே இல்லாத நேரத்தில். குளித்துவிட்டு வந்த பிறகு, இரவு படுக்கையில், விடுமுறை நாளின் மதியத்தில் என்று ஏதாவது ஒரு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் மூன்று நிமிடம் போதும். விளையாட்டாக இருக்க வேண்டும்.

தசைகளை வேண்டுமென்றே இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் உருவாக்கினார். பெரியவர்களுக்கான அந்த முறையைப் பிள்ளைகளுக்கு ஏற்ற கற்பனை விளையாட்டாக 1974இல் மாற்றித் தந்தவர் கோப்பன் என்பவர். கையில் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துப் பிழிவது, மூக்கில் உட்கார்ந்த ஈயை முகத்தைச் சுளித்தே விரட்டுவது, சேற்றில் கால் விரல்களை அழுத்திப் புதைப்பது எல்லாம் அதில் வரும். நம் பிள்ளைகளுக்கு எலுமிச்சையை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை.

ஒரு வீட்டில் பாட்டி இதைச் செய்யவைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். பேத்திக்கு ஆறு வயது. பாட்டி முதலில் நிஜமான எலுமிச்சையில் பாதியை அவள் கையில் கொடுத்து, கிண்ணத்தில் பிழியச் சொன்னார். ‘இன்னும் சொட்டு இருக்கிறது பார், கடைசிச் சொட்டு வரைக்கும்’ என்றார். விரல் கணுக்கள் வெளுக்கும் வரை பிழிந்தாள். ‘போதும் தங்கம், தோலைக் கீழே போட்டுவிடு.’ தோல் விழுந்ததும் கை தானாகத் தொங்கியது. ‘இப்போது கை எப்படி இருக்கிறது?’ என்று பாட்டி கேட்க, அவள் சற்று யோசித்து, ‘கனமாக, சூடாக’ என்றாள். அடுத்த முறை பழம் இல்லாமலே பிழிந்தாள். ஐந்து எண்ணும் வரை இறுக்கம், பத்து எண்ணும் வரை தளர்வு, பிறகு மறு கை. இறுக்கம் எப்படி இருக்கும், தளர்வு எப்படி இருக்கும் என்ற வேறுபாடு அவள் கைக்கே தெரிந்துவிட்டது. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் பயிற்சியின் சாரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காமல் பிழிய மட்டும் வைத்தால் அது கைப்பயிற்சியாக முடிந்துவிடும்.

மூச்சை இழுக்கிறாள், தோள் ஏறுகிறது, தலை சுற்றுகிறது என்கிறாள்

‘நன்றாக இழு’ என்று நாம் அழுத்திச் சொல்வதால் வரும் கோளாறு இது. பிள்ளை நெஞ்சைத் தூக்கி வேகவேகமாகப் பெரிய மூச்சுகளாக எடுக்கிறாள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து கிறுகிறுப்பும் விரல்களில் மரமரப்பும் வரும்.

வெளிவிடும் மூச்சுக்குத்தான் வேலை அதிகம். மூச்சு வெளியே போகும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது. அதனால் மூக்கின் வழியே மூன்று எண்ணும் வரை சாதாரணமாக இழுத்து, உதட்டைக் குவித்து ஐந்தாறு எண்ணும் வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு எண்ணிக்கை எதற்கு? சூடான பாலில் ஆடை கிழியாமல் ஊதச் சொல்லலாம். பனை ஓலைக் காற்றாடியை நிற்காமல், மெதுவாகச் சுற்றவைக்கச் சொல்லலாம். சோப்புக் குமிழி ஊதுவது எல்லாவற்றிலும் நல்லது. வேகமாக ஊதினால் குமிழி உடைந்துவிடும் என்பதால் பிள்ளை தானே தன்னைத் திருத்திக்கொள்கிறாள். படுத்திருக்கும்போது வயிற்றின் மேல் ஒரு சின்னப் பொம்மையை வைத்தால், வயிறு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், தோள் சும்மா இருக்கும். நான்கைந்து மூச்சு போதும். அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள்.

பயிற்சியில் அருமையாகச் செய்கிறான், கோபம் வந்தால் மறந்துவிடுகிறான்

படுக்கையில் பழகியது சண்டைக்களத்தில் கைகொடுக்க வேண்டுமானால் நடுவில் ஒரு படி தேவை. பல வீடுகளில் அந்தப் படி விடுபட்டுப்போகிறது.

கோபம் முதலில் உடம்பில் எந்த இடத்தில் தெரிகிறது என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குப் பல் கடிபடும், சிலருக்கு வயிற்றில் என்னவோ செய்யும். ஒரு தாளில் மனித உருவம் வரையச் சொல்லி, ‘நேற்று அண்ணன் ரிமோட்டைப் பிடுங்கினானே, அப்போது உனக்கு எங்கே தெரிந்தது?’ என்று கேட்டுச் சிவப்பு பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு இடம்தான் அவனுக்கான மணி. அது அடித்தவுடன் பயிற்சியைத் தொடங்கினால் பலிக்கும். முஷ்டி ஓங்கிய பிறகு தொடங்கினால் பலிக்காது.

அடுத்து, சின்ன எரிச்சல்களில் ஒத்திகை. தாயக் கட்டையில் தோற்பது, சட்டைப் பொத்தான் மாட்டாமல் போவது, கட்டிய கட்டைக் கோபுரம் சரிவது போன்றவை பயிற்சிக்கு ஏற்ற வாய்ப்புகள். நீங்களும் உரக்கச் செய்து காட்டுங்கள்: ‘சாவியைக் காணவில்லை, எனக்கு எரிச்சலாக வருகிறது, கொஞ்சம் ஊதிவிட்டுத் தேடுகிறேன்.’ பிள்ளைகள் அறிவுரையை விட இதை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வகுப்பறைக்கு ஆமைப் பயிற்சி நன்றாகப் பொருந்தும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் மார்லின் ஷ்னைடர், ஆர்தர் ராபின் இருவரும் 1970களில் வகுத்த முறை இது. கோபம் வந்ததும் கைகளை உடம்போடு சேர்த்து, தலையைக் கவிழ்த்து, ஆமை ஓட்டுக்குள் போவதுபோல் ஒடுங்குவது. உள்ளே உடம்பைத் தளர்த்துவது. பிறகு ‘இப்போது என்ன செய்யலாம்?’ என்று யோசித்து வெளியே வருவது. அடிக்க ஓங்கிய கைக்கு வேறு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது என்பதுதான் இதன் நன்மை. ஆசிரியரும் பெற்றோரும் ‘ஆமை’ என்று ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் பிள்ளைக்குக் குழப்பம் இல்லை. ஓட்டுக்குள் போனவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. ஒருமுறை சிரித்துவிட்டால் அந்தப் பயிற்சி அதோடு போயிற்று.

தலையணையை அடிக்கச் சொன்னோம், ஆத்திரம் கூடுகிறது

கூடத்தான் செய்யும். கோபத்தை அடித்துத் தீர்த்தால் அடங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆராய்ச்சிகள் அதற்கு எதிராக நிற்கின்றன. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்திய கல்லூரி மாணவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடும் மூர்க்கத்தோடும் இருந்தார்கள். சோஃபி கியார்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்டதும் அதே திசையில்தான் இருக்கிறது: உடலின் படபடப்பைக் குறைக்கும் செயல்கள் கோபத்தைக் குறைக்கின்றன, கூட்டும் செயல்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு மாலையில் ஓடியாடுவதை நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டு பிள்ளைக்கு அவசியம். கோபம் வந்த கணத்தில் அடிக்கப் பழக்குவது மட்டும் வேண்டாம். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்குச் சப்பாத்தி மாவு பிசையக் கொடுக்கலாம், குளிர்ந்த நீரில் கை கழுவச் சொல்லலாம்.

பள்ளியில் தங்கம் என்கிறார்கள், வீட்டுக்கு வந்ததும் வெடிக்கிறாள்

இந்த வீட்டில் மூச்சுப் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். காலையில் வைத்தது அப்படியே திரும்பியிருக்கிறதா? தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருக்கிறதா? வந்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறாளா? பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை என்று தண்ணீரே குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், நம் ஊரில் மிக அதிகம். நாள் முழுக்க அடக்கியது சிறுநீர் மட்டுமில்லை. பேச்சையும் அழுகையையும் அடக்கிக்கொண்டு வந்தவள், பாதுகாப்பான இடம் என்று நம்பும் வீட்டில் கொட்டுகிறாள்.

வந்ததும் ‘இன்றைக்கு டெஸ்டில் எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். கழிப்பறை, தண்ணீர், சுண்டலோ வாழைப்பழமோ, அரை மணி நேரம் சும்மா. பேச்சு அதற்குப் பிறகு. கழிப்பறை பற்றிப் பள்ளியில் கட்டாயம் பேசுங்கள், நாலு பெற்றோராகச் சேர்ந்து போனால் காது கொடுப்பார்கள்.

தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுப்பி வேனில் ஏற்றும் பிள்ளை இரவு ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். டியூஷன் முடிந்து பத்தரைக்குச் சாப்பிடும் வீட்டில் எந்தப் பயிற்சியும் நிற்காது.

செல்போனைத் திரும்ப வாங்கினால் ஆட்டம்

‘இன்னும் இரண்டு நிமிடம்தான்’ என்று முன்கூட்டியே எச்சரிப்பது நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் ஐந்து வயதுவரையிலான பிள்ளைகளிடம் இந்த எச்சரிக்கை சண்டையைக் கூட்டியதுதான் தெரியவந்தது. வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்தில் நின்றபோதும், வீடியோ தானாக முடிந்து நின்றபோதும் பிள்ளைகள் எளிதாக விட்டுவிட்டார்கள். ஆகவே ‘பத்து நிமிடம்’ என்று தராமல் ‘இந்த ஒரு கதை’ என்று தாருங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். முடிந்ததும் அடுத்த வேலை தயாராக இருக்கட்டும்: தட்டில் தோசை, கையில் மிதிவண்டி.

அழும் பிள்ளையின் வாயடைக்கச் செல்போன் கொடுப்பது வேறு கதை. அது அப்போதைக்கு அடக்கும். மறுமுறை தானாக அடங்கும் வாய்ப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடும்.

வீட்டுப்பாட நேரத்தில் மட்டும் கோபம்

நோட்டைத் திறந்ததும் அழிரப்பரால் தாள் கிழியத் தேய்ப்பது, பென்சில் முனையை உடைப்பது, ‘எனக்குத் தெரியாது போ’ என்று கத்துவது. மற்ற நேரங்களில் சிரித்து விளையாடும் பிள்ளை இப்படி மாறினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் கண் பார்வை, அடுத்தது டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு. வாசிக்கும்போது எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கிறாளா, கரும்பலகையிலிருந்து எழுதுவதில் பிழை அதிகமா, வாய்மொழியாகக் கேட்டால் சொல்லிவிடுகிறாளா என்று பாருங்கள். இதற்குக் கண் மருத்துவரும் உளவியலாளரும் தேவை. வெட்கத்தை மறைக்கும் கோபத்துக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு குறிப்பிட்ட பாடத்தன்று மட்டும் வெடிப்பு என்றால், அந்த வகுப்பில் அடியோ அவமானமோ நடக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். பள்ளியில் அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

தம்பியை அடிக்கிறான், என்னையும் அடிக்கிறான்

பயிற்சி பிறகு, முதலில் பாதுகாப்பு. சிறியவனை அப்புறப்படுத்துங்கள். ஓங்கிய கையை வலிக்காமல் பிடித்து, ‘அடிக்க விடமாட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். திருப்பி அடித்தால், பெரியவர்கள் கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். எல்லாம் அடங்கி, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு பேசுங்கள். அரை மணி நேரமாவது போகட்டும். ‘தம்பி உன் படத்தைக் கிழித்தது தப்புதான். அடுத்த முறை அடிக்காமல் என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் பிள்ளையே இரண்டு வழி சொல்லும். கிழிந்ததை இருவரும் சேர்ந்து ஒட்டட்டும். கட்டாயப்படுத்தி வாங்கும் மன்னிப்பால் யாருக்கும் பயனில்லை.

நாங்கள் உறுதியாக இருந்தால் அழுகை இன்னும் கூடுகிறது. தாத்தா பாட்டி கொடுத்துவிடுகிறார்கள்

இதுவரை அழுதால் கிடைத்த சாக்லேட் திடீரென்று கிடைக்காவிட்டால், பிள்ளை முதலில் இன்னும் உரக்க அழுது பார்க்கும். அது இயல்பு. சில நாட்கள் ஏறி, பிறகு இறங்கும். ஏறிய உச்சத்தில் யாராவது இரங்கிக் கொடுத்துவிட்டால், ‘இவ்வளவு அழுதால் கிடைக்கும்’ என்ற புது அளவு பதிந்துவிடுகிறது.

மாமியாரிடமோ அப்பாவிடமோ இதைப் பிள்ளையின் முன்னால் பேசாதீர்கள். ‘நீங்கள் கொடுப்பதால்தான் கெட்டுப்போகிறான்’ என்று தொடங்கினால் வேறு சண்டை வரும். ‘அத்தை, அவன் அழுகை நின்ற பிறகு உங்கள் கையாலேயே கொடுங்கள்’ என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கொடுப்பது அவர்களுக்குச் சந்தோஷம். அதை மறுக்காமல் நேரத்தை மட்டும் மாற்றிவைக்கிறோம்.

அமைதி மூலை வைத்தோம், போக மறுக்கிறாள்

கோபம் தணிய உட்காரும் இடமாக வைத்ததுதான் அமைதி மூலை. ஆனால் ‘போ, அந்த மூலையில் உட்கார்’ என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும் அது தண்டனை மூலைதான். வேறு இடத்துக்கு மாற்றுங்கள், பாயையும் பொம்மையையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், நல்ல மனநிலையில் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.

எனக்கே கோபம் தாங்கவில்லை

நாள் முழுக்க வேலை பார்த்து, இரவுச் சமையலுக்கு நடுவில் பிள்ளையின் கத்தலைக் கேட்கும் தாயிடம் அமைதியாக இருங்கள் என்று சொல்வது எளிது. உங்கள் குரல் ஏறுவது தெரிந்தால், ‘அம்மாவுக்குக் கோபம் வருகிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லி, பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள். கணவரோ வீட்டிலுள்ள வேறு பெரியவரோ அந்த ஐந்து நிமிடத்தை ஏற்க வேண்டும். இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்திவிட்டால் பிறகு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கலாம், மரியாதை குறையாது.

அழுது மூச்சடைத்து நீலம் பாரிக்கிறது

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையில் சில குழந்தைகளுக்கு இது வருவதுண்டு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், குலுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். முதல் தடவை வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரும்புச் சத்துக் குறைவு இதோடு சேர்ந்து இருப்பதுண்டு, சரிசெய்தால் பலருக்குக் குறைகிறது. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

எல்லாம் செய்தோம், மாற்றமே இல்லை

கோபம் அடியோடு போகிறதா என்று பார்க்காதீர்கள். அடங்கும் நேரம் குறைகிறதா, அடி குறைந்து சொல் கூடுகிறதா, தானாக ஒருமுறையாவது ஊதினானா என்று பாருங்கள். சில வாரங்கள் தொடர்ந்து பழகியும் இவை எதுவும் இல்லையென்றால் உதவி தேடலாம். பிள்ளை தன்னையே கடித்து, தலையை மோதிக் காயப்படுத்திக்கொண்டால், ஒவ்வொரு வெடிப்பும் அரை மணி நேரத்தை நெருங்கினால், இடைப்பட்ட நேரத்திலும் நாள் முழுக்கச் சிடுசிடுப்பாகவே இருந்தால், செத்துப்போகிறேன் என்று பேசினால் காத்திருக்க வேண்டாம்.

மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லாதது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற ஐயம் இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மேலே சொன்ன, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இல்லையென்றால், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த நேரம், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் அடங்கியது, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள். பள்ளியிலிருந்து வகுப்பாசிரியர் எழுதிய நாலு வரியும் இருந்தால் நல்லது. அந்த நோட்டைப் பிள்ளையின் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், மருத்துவரிடம் அதிலுள்ளதைப் பேசும்போதும் பிள்ளையைச் சற்று நேரம் வெளியே விளையாட அனுப்புங்கள்.